பழைய கார்புரேட்டர், ஃப்யூல் பம்ப்: எதைக் கழுவ எது

கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலைத் திறந்ததும் கையில் கிடைத்த கேனை எடுத்து அடிக்கத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உள்ளே இருப்பது என்ன அழுக்கு, அது எந்தப் பொருளின் மேல் படிந்திருக்கிறது என்ற இரண்டும் தெரியாமல் எடுக்கிற கரைப்பான் எல்லாமே குருட்டடிதான். கார்புரேட்டருக்குள் சேர்கிற அழுக்கில் சில வகை எந்தக் கரைப்பானிலும் கரையாது. கரைகிற அழுக்குக்கு எடுக்கிற கரைப்பானோ பக்கத்தில் இருக்கும் ரப்பரையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அழுக்கை இனம் காண்பது

மாதக்கணக்கில் வண்டி நின்றால் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போகும். மிச்சம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறும். முதலில் தேன் நிறத்தில் ஒட்டும் பசையாக இருக்கும். நாளாக நாளாகக் கருத்து, வார்னிஷ் அடித்ததுபோல் இறுகிவிடும். திறந்த உடனே பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்ததுபோல் ஒரு புளித்த வாடை வரும். இந்தப் பிசின்தான் கரைப்பானுக்கு உரிய அழுக்கு.

பவுலின் அடியில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பொருபொருவென்று படிந்திருப்பது வேறு சங்கதி. துத்தநாகமும் அலுமினியமும் தண்ணீரில் அரித்துப் போனதன் மிச்சம் அது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். வெள்ளைப் பொடி பெரும்பாலும் பவுலின் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கும், காரணம் இதுதான். இதை அசிட்டோனில் ஒரு வாரம் ஊறப்போட்டாலும் அப்படியே இருக்கும்.

பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைப் பாகமான பித்தளை ஜெட்டில் பச்சையாக இருந்தால் களிம்பு. செம்பழுப்புப் பொடியாக இருந்தால் பெட்ரோல் டேங்கிலிருந்து வந்த துரு. டேங்கைச் சரி செய்யாமல் கார்புரேட்டரைக் கழுவினால் அதே வேலை சீக்கிரமே திரும்பி வரும்.

துருவா பிசினா என்று சந்தேகம் வந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியை அசிட்டோனில் நனைத்து அந்த இடத்தில் இருபது முறை தேயுங்கள். பஞ்சு சீராக மஞ்சளாகவோ பழுப்பாகவோ நனைந்தால் பிசின் கரைகிறது. நுண்ணிய மணிகளாகப் பஞ்சின் மேல் உட்கார்ந்தால் துரு. நிறமே ஏறாவிட்டால் அது உலோக அரிப்பு. இந்த ஒரு சோதனை பாதி முடிவை எடுத்துக் கொடுத்துவிடும்.

ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வண்டி என்றால் காய்ந்த கசடிலும் ஈயம் இருக்கலாம். சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை உலகில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்தான். அதனால் பழைய கசடைக் காய்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

உடலில் என்னென்ன பொருள்

பெரும்பாலான கார்புரேட்டர் உடல் துத்தநாகக் கலவையில் அச்சில் வார்த்தது, மீதி அலுமினியம். இரண்டுக்கும் அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சமையலறை அடுப்பு கழுவும் காரக் கலவைகளும் இதே ரகம்தான். துத்தநாக உடலின் மேல் மங்கலான பொன்மஞ்சள் பூச்சு தெரிந்தால் அது அரிப்பைத் தடுக்கும் குரோமேட் பூச்சு. அமிலம் பட்டால் முதலில் போவது அதுதான்.

அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் உலோகத்தை ஒன்றும் செய்யாது. சேதமெல்லாம் உலோகம் அல்லாத பாகங்களில்தான். நைட்ரைல் ரப்பர் பெட்ரோலைத் தாங்கும், மண்ணெண்ணெயைத் தாங்கும். அசிட்டோனிலும் டொலுவீனிலும் ஊதிவிடும். விட்டான் ரப்பரை எல்லாவற்றையும் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். டொலுவீனையும் சைலீனையும் அது நன்றாகவே தாங்கும். அசிட்டோனிலும் எம்இகே எனப்படும் மெத்தில் எத்தில் கீட்டோனிலும் மோசமாக ஊதும். பவுலுக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் வால்வின் கருப்பு முனை விட்டானாக இருந்தால், அசிட்டோன் ட்ரேயில் போட்டு எடுத்த பிறகு அது இருக்கையில் சரியாக அமராது, பெட்ரோல் வழியும்.

கார்க் ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உள்ள பழைய கார்புரேட்டர்களில் கார்க்கின் மேல் ஷெல்லாக் எனும் அரக்குப் பூச்சு இருக்கும். அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவினாலே போய்விடும். எத்தனால் பெட்ரோல் ஊற்றினாலும் மெல்ல மெல்லப் போய், கார்க் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்து மூழ்கும். கருப்பு நுரை ரப்பர் ஃப்ளோட்டை எதிலும் ஊறப்போடக் கூடாது. ஆக்சிலரேட்டர் பம்பின் தோல் வாஷரைக் கரைப்பானில் போட்டால் தோலிலுள்ள எண்ணெய் வெளியேறி அது விறைத்துவிடும். துடைத்துவிட்டு லேசான எண்ணெயில் ஊறவைத்தால் மறுபடி மிருதுவாகும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பவுலுக்கும் ஃபில்டருக்கும் அசிட்டோன், டொலுவீன் இரண்டும் ஆகாது; மயிரிழை விரிசல் விடும்.

கரைப்பான்கள்

மண்ணெண்ணெயும் மினரல் டர்பன்டைனும் முதல் கழுவலுக்கு. வெளியே படிந்த எண்ணெய், கிரீஸ், சாலைத் தூசியைப் பிரமாதமாக எடுக்கும். ரப்பரை அவசரப்பட்டுக் கெடுக்காது. இறுகிய பிசினை மட்டும் ஒன்றும் செய்யாது. காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டுச் செல்லும் என்பதால் இதோடு வேலையை முடிக்கக் கூடாது.

அசிட்டோன் பிசினுக்கு முதல் தேர்வு. 56 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதனால் சட்டென்று காய்ந்துவிடும், மிச்சம் வைக்காது. அந்த வேகமே அதன் குறையும்கூட: திறந்த ட்ரேயில் வைத்தால் பிசின் இளகும் முன் அசிட்டோன் பறந்துவிடும். மூடி இறுகப் பொருந்தும் உலோக டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோதான் ஊறவைக்க வேண்டும்.

டொலுவீன் 111 டிகிரியில் கொதிக்கும், சைலீன் அதைவிடவும் மெதுவாக ஆவியாகும். கருத்து இறுகிய பிசினுக்கும், எஞ்சினுக்குள் போகும் கலவையைத் திறந்து மூடும் த்ராட்டில் பக்கத்துக் கரிப் படிவுக்கும் இவை அசிட்டோனைவிடப் பொறுமையாக வேலை செய்யும். பெயின்ட் கடைத் தின்னர் என்பது பெரும்பாலும் டொலுவீன், அசிட்டோன், எஸ்டர்கள் சேர்ந்த கலவை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் விகிதம் மாறும். பிசினுக்கு நன்றாகவே எடுபடும். ஆனால் அசிட்டோனும் டொலுவீனும் கெடுக்கும் எல்லாவற்றையும் இது கெடுக்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பிசினுக்குச் சோம்பேறி. அதன் வேலை கடைசிக் கட்டத்தில்: தண்ணீரை இழுத்து வெளியேற்றுவது, எண்ணெய்ப் படலத்தைத் துடைப்பது, மின்தொடுப்புகளைச் சுத்தம் செய்வது.

ஸ்ப்ரே கேனில் வரும் கார்புரேட்டர் கிளீனர் ஒரே பொருள் அல்ல. அசிட்டோன், டொலுவீன், சைலீன், மெத்தனால் என்று கேனுக்குக் கேன் உள்ளே இருப்பது மாறும். பின்பக்கத்து லேபிளைப் படிக்காமல் ரப்பர் பக்கம் காட்டாதீர்கள். பிரேக் கிளீனரில் இரண்டு வகை உண்டு. லேபிளில் டெட்ராகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன் என்று இருந்தால் அது குளோரின் வகை. தீப்பிடிக்காது என்பதற்காக அதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் அது ஈரமாக இருக்கும் பாகத்தில் வெல்டிங் பொறியோ சூடோ பட்டால் பாஸ்ஜீன் எனும் நச்சு வாயு உண்டாகும். பற்றவைக்கப் போகும் உலோகத்தின் அருகே அதைக் கொண்டுவரவே வேண்டாம்.

பழைய காலத்துக் கார்புரேட்டர் டிப் டப்பாக்களில் டைகுளோரோமீத்தேன் இருந்தது. பிசினை அது எடுப்பதுபோல் வேறு எதுவும் எடுக்காது, உண்மைதான். உடலுக்குள் போனால் அது கார்பன் மோனாக்சைடாக மாறும், சாதாரணக் கையுறைகளை நிமிடங்களில் ஊடுருவும். பல நாடுகள் அதன் சில்லறை விற்பனையைத் தடுத்துவிட்டன. அப்படி ஒரு பழைய டப்பா கிடங்கில் கிடைத்தால் திறக்காமல் அபாயக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோலில் கழுவுவது பழக்கமான காரியம், ஆனால் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் மட்டமான தேர்வு. மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி விடும், பென்சீன் உண்டு, தன்னிலிருந்து உண்டான பிசினையே அது சரியாகக் கரைப்பதில்லை.

கழுவும் முறை

முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது (ஐடில்) கலவையைச் சரிசெய்யும் ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தி இறுக்கினால் ஊசி முனையில் வளையம்போல் தடம் விழும். அதன்பின் அது சரியாக ட்யூன் ஆகாது. ஸ்க்ரூவோடு ஒரு சின்ன ஸ்பிரிங், ஒரு வாஷர், ஒரு ஓ-ரிங் வர வேண்டும். ஸ்பிரிங் வந்து மற்ற இரண்டும் வராவிட்டால் அவை துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது தெரியாமல் துளைக்குள் ஸ்ப்ரே அடித்தால் ஓ-ரிங் ஊதி அங்கேயே அடைத்துக்கொள்ளும். வளைத்த மெல்லிய கம்பியால் அதை எடுத்த பிறகுதான் கரைப்பான்.

எல்லாவற்றையும் பிரித்து மூன்று தட்டுகளில் போடுங்கள். வெறும் உலோகம் ஒன்றில். ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒன்றில். காகிதம், கார்க், தோல் ஒன்றில். அசிட்டோனும் டொலுவீனும் முதல் தட்டுக்கு மட்டும். இரண்டாம் தட்டுக்கு மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர். மூன்றாம் தட்டுக்குத் துணி மட்டும். உலோக உடலோடு ஒட்டிப் பிரிக்க முடியாத ரப்பர் சீல், உதாரணமாக த்ராட்டில் ஷாஃப்டின் சீல் இருந்தால், அந்த உடலே இரண்டாம் தட்டைச் சேர்ந்தது என்று கொள்ளுங்கள்.

இன்ன ரப்பர் என்று தெரியாவிட்டால் பழைய ஓ-ரிங் ஒன்றைக் காலிப்பரில் அளந்து, பயன்படுத்தப்போகும் கரைப்பானில் 15 நிமிடம் போட்டு, துடைத்து மறுபடி அளங்கள். விட்டம் கூடியிருந்தால் அந்தக் கரைப்பான் அந்த ரப்பருக்கு இல்லை. வேக்யூம் வகைக் கார்புரேட்டரின் ஸ்லைடு டயஃப்ரம் எனும் ரப்பர் சவ்வு இந்தப் பாடத்தைக் கண்ணெதிரே காட்டும்: தெறித்த கிளீனர் பட்டாலே விளிம்பு நீண்டு, அது உட்கார வேண்டிய பள்ளத்தில் உட்காராமல் அலையலையாக எழுந்து நிற்கும். பதறி அழுத்தி மூடியைப் போட்டால் கிழியும். இரவு முழுக்கக் காற்றாட வைத்தால் பல நேரம் பழைய அளவுக்கு வந்துவிடும்.

வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி முடித்தபின் உலோகப் பாகங்களை மூடிய டப்பாவில் அசிட்டோனில் 30 நிமிடம் ஊறவிடுங்கள். எடுத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். பிசின் இன்னும் இருந்தால் இன்னொரு 30 நிமிடம். இரண்டு முறைக்குப் பிறகும் அசையாவிட்டால் சைலீனுக்கு மாறுங்கள், அதில் சில மணி நேரம் விடலாம். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம்.

ஜெட்தான் இதில் நுணுக்கமான இடம். சின்ன எஞ்சின்களின் ஸ்லோ ஜெட் துளை 0.40 மி.மீ. அளவில்தான் இருக்கும். எஃகு ஊசியால் குத்தி அதை 0.44 மி.மீ. ஆக்கிவிட்டால் துளையின் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். எஞ்சின் அதிகப் பெட்ரோல் குடித்து ஐடிலில் கரும்புகை விடும். ஊறிய ஜெட்டில் மெல்லிய தூண்டில் நைலானையோ, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையையோதான் நுழைக்க வேண்டும். பிறகு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். சுத்தமான துளை கூர்மையான விளிம்போடு வட்டமாகத் தெரியும். விளிம்பு கலங்கலாக, ஒரு பக்கம் நிழல் விழுந்ததுபோல் தெரிந்தால் உள்ளே இன்னும் படலம் இருக்கிறது, மறுபடி ஊறப்போடுங்கள். பெட்ரோலில் காற்றைக் கலக்கும் எமல்ஷன் ட்யூபின் பக்கத் துளைகளையும் இப்படியே ஒன்றொன்றாகப் பார்க்க வேண்டும்.

உடலுக்குள்ளே ஓடும் சிறு வழிகளில் ஸ்ட்ரா வைத்து ஸ்ப்ரே அடித்து, மறுமுனையில் எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். வராத வழி அடைப்பு. எதிர்பாராத துளை வழியாக அது திரும்பி நேராக முகத்தில் பாயும் என்பதால், பக்கம் மூடிய கண்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. பிறகு 2 முதல் 3 பார் அழுத்தத்தில் காற்று. ஃப்ளோட்டையும் நீடிலையும் மாட்டிய நிலையில் காற்றடித்தால் பித்தளை ஃப்ளோட் நசுங்கும்.

பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே திரவம் அசையும் ஓசை கேட்டால் ஓட்டை. ஓட்டையைக் காண, கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து தூர எடுத்துவந்த வெந்நீரில் முக்குங்கள். குமிழி வரும் இடம் தெரியும். உள்ளே போன பெட்ரோல் முழுவதும் வெளியேறி, ஆவியும் போன பிறகுதான் சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் வைத்தால் ஃப்ளோட் வெடிக்கும்.

வெள்ளைப் பொடியும் களிம்பும்

இங்கே கரைப்பானுக்கு வேலை இல்லை, தண்ணீர் சார்ந்த முறைதான். பிசினை முழுக்க எடுத்த பிறகே இதற்கு வாருங்கள். பிசின் மூடிய இடத்தில் அமிலம் எட்டாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலம். 5 நிமிடம் போட்டு எடுத்துப் பிரஷ் செய்யுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு 5 நிமிடம். பொடி கரையும்போது உலோகமும் லேசாகக் கரையத்தான் செய்யும். நுரைத்துக் குமிழி கிளம்பினால் அது உங்கள் கார்புரேட்டர் கரைகிற சத்தம், உடனே எடுங்கள். பித்தளை ஜெட் இளஞ்சிவப்பாக மாறினால் மேற்பரப்பில் துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஒரு நொடியும் வேண்டாம். அம்மோனியா கலந்த எதையும் பித்தளையில் காட்டாதீர்கள். இழுவிசையில் இருக்கும் பித்தளை அதில் விரிசல் விடும்.

எடுத்ததும் ஒரு லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, வெந்நீரில் அலசி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு முறை அலசி, காற்றடித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு வைத்த துத்தநாக உடலில் ஒரே இரவில் புதிதாக வெள்ளை பூக்கும்.

அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் வேலை பாதி குறையும். 40 கிலோஹெர்ட்ஸ், 50 முதல் 60 டிகிரி, நடுநிலைக்கு அருகிலுள்ள தண்ணீர் டிடர்ஜென்ட், 10 நிமிடம் வீதம் இரண்டு தடவை. அசிட்டோனையோ வேறு எரியும் கரைப்பானையோ அந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது. சூடும் மின்சாரமும் ஆவியும் ஒரே இடத்தில் சேரும்.

பொடி போன இடத்தில் குழி தெரியும். பவுலின் அடியில் குழி இருந்தால் கவலையில்லை. நீடில் உட்காரும் இருக்கையிலோ கேஸ்கெட் படியும் முகத்திலோ இருந்தால் எந்தக் கழுவலும் அதைச் சரி செய்யாது.

ஃப்யூல் பம்ப்

மெக்கானிக்கல் பம்பைக் கழற்றும் முன் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடத்தில் அரத்தால் ஒரு கோடு போடுங்கள். பைப்புகளின் திசை மாறாது. பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். அதில் பெட்ரோல் சொட்டியிருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள். பெட்ரோல் எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் இறங்கினால் ஆயில் நீர்த்துப்போய் பேரிங் போகும்.

இதில் இரண்டு உலகம் இருக்கிறது. டயஃப்ரத்துக்கு மேலே பெட்ரோல் பக்கம், பிசின். கீழே எஞ்சின் பக்கம், ஆயில் கசடு. மேல்பாதியின் வெறும் உலோகத்துக்கு அசிட்டோன் சரி. எஞ்சின் அசைக்கும் லீவரான ராக்கர் ஆர்ம் இருக்கும் கீழ்பாதிக்கு மண்ணெண்ணெய் மட்டும்; பிறகு அது அசையும் அச்சான பிவட்டில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில். அசிட்டோனால் அந்த பிவட்டை வறட்டிவிட்டு அப்படியே மாட்டினால், ஆயில் தெறித்து எட்டும்வரை காய்ந்த உலோகமே உரசும்.

வால்வுகள் அழுத்திப் பொருத்தியவையாக இருந்தால் அவற்றின் அடியில் கேஸ்கெட் இருக்கும். ஊறப்போடாதீர்கள்; மண்ணெண்ணெய் தெளித்துக் காற்றை மிகக் குறைந்த அழுத்தத்தில் விடுங்கள். கண்ணாடிக் கிண்ணமும் பித்தளை வலையும் எதையும் தாங்கும், கிண்ணத்தின் கார்க் கேஸ்கெட் தாங்காது. டயஃப்ரம் எப்படி இருந்தாலும் பழையதை மீண்டும் போடுவதில் லாபமில்லை. எத்தனாலைத் தாங்கும் புதியது வாங்கிப் போடுங்கள். மேல்பாதியின் ஸ்க்ரூக்களைக் கையால் மட்டும் முடுக்கி, லீவரை முழு அளவுக்கு அழுத்திப் பிடித்தபடி கடைசி இறுக்கம் கொடுங்கள். லீவர் தளர்ந்த நிலையில் இறுக்கினால் ஒவ்வொரு அடிக்கும் டயஃப்ரம் விளிம்பில் இழுபட்டுச் சீக்கிரம் கிழியும்.

சோதிக்க, உள்வாயிலை விரலால் மூடி லீவரை நான்கு முறை அடியுங்கள். விரலைப் பிடித்து இழுக்கும் உறிஞ்சல் சில நொடி நிற்க வேண்டும். வெளிவாயிலை மூடி அடித்தால் அழுத்தமும் அப்படியே நிற்க வேண்டும். உடனே விட்டுவிட்டால் வால்வின் கீழ் இன்னும் ஏதோ ஒட்டியிருக்கிறது. வாயால் உறிஞ்சிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மின்சாரப் பம்புகளைக் கரைப்பானில் முக்கவே கூடாது. காயிலின் எனாமல் இளகும். பாயின்ட் உள்ள பழைய வகையில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தொடுப்புகளுக்கு நடுவே இழுத்து எடுத்தால் போதும். முழுக்கக் காயாமல் கரன்ட் கொடுத்தால், பொறியும் ஆவியும் சந்திக்கும்.

கை, மூச்சு, நெருப்பு

மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோன் ஓரிரு நிமிடத்தில் தாண்டிவிடும். அசிட்டோனுக்குப் பியூட்டைல் கையுறை. ஆனால் அதே பியூட்டைல் டொலுவீனை நீண்ட நேரம் தாங்காது, அதற்கு விட்டான் கையுறை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பல அடுக்கு லேமினேட் கையுறையே நல்லது. தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள முகக்கவசம் வேண்டும்.

இந்த ஆவிகள் எல்லாம் காற்றைவிடக் கனமானவை. தரையோடு தவழ்ந்து அடுத்த அறையில் எரியும் ஹீட்டர் வரை போகும். ஆகவே ஜன்னலைவிட வெளியே திறக்கும் கதவைத் திறந்து வைப்பதுதான் முக்கியம். பக்கத்தில் உலர்பொடி அல்லது கார்பன் டைஆக்சைடு தீயணைப்பான் இருக்கட்டும். ப்ளீச்சையோ பெராக்சைடையோ அசிட்டோனுக்கு அருகில்கூட வைக்காதீர்கள்.

அழுக்கான கரைப்பானை மூடிய உலோக டப்பாவில் இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்ததை அடுத்த கார்புரேட்டரின் முதல் ஊறலுக்கு வைத்துக்கொள்ளலாம். அடியில் தங்கும் கசடு சாக்கடைக்குப் போகக் கூடாது. அபாயக் கழிவாகப் பெறும் இடத்தில் டப்பாவோடு ஒப்படையுங்கள்.